விழிப்புரையை வெளியே எடுத்த வைத்தியர்

பிரான்சு தேசத்து நோர்மண்டிப் பகுதியில், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலே பிறந்தவர் ஜாக் டவியேல். இளமையில் ரூவன் நகரிற் சத்திர வைத்தியம் பயின்றார். 1720இல் மார்செய்த் துறைமுகத்தைக் கொள்ளைநோய் சூறையாடியபோது, ஊரைவிட்டு ஓடியோர் பலர். நோயாளரை நாடிச் சென்றோர் சிலர். அச்சிலருள் டவியேலும் ஒருவர். பின்னர் அந்நகரிலே தங்கிக் கண் வைத்தியத்தைத் தம் வாழ்நாட்பணியாக ஏற்றார்.

அக்காலத்திற் கண்புரைக்கு இருந்த வழி மிகத் தொன்மையானது. ஊசியைக் கண்ணினுட் செலுத்தி, மங்கிய வில்லையைப் பார்வையின் பாதையினின்றும் கீழே தள்ளிவிடுவர். தள்ளிய வில்லை கண்ணுள்ளேயே கிடக்கும். அது மீண்டும் மேலெழுந்து ஒளியை மறைத்தலும், அழற்சியுண்டாக்கிக் கண்ணையே கெடுத்தலும் உண்டு. இசைமேதை பாக், 1750இல் ஊர்சுற்றிக் கண் வைத்தியரான ஜோன் டெய்லரிடம் சிகிச்சை பெற்றார், பார்வை திரும்பவில்லை, அவ்வாண்டே உயிர் நீத்தார்.

டவியேலும் ஊசிமுறையிற் கைதேர்ந்தவரே. அதனாற் புகழும் பெற்றவர். ஆயினும் அதன் தோல்விகளை அவர் மறக்கவில்லை. கெட்ட வில்லையை ஒதுக்குவது போதாது, வெளியேற்றவே வேண்டும் எனத் துணிந்தார். 1747இல் பரிஸ் நகரில் அதைச் செய்தும் காட்டினார். கண்ணின் முகப்பிலுள்ள விழிவெண்படலத்தின் கீழ்ப்பகுதியை வெட்டி, கத்தரியால் வெட்டை அகற்றி, வில்லையின் உறையைக் கிழித்து, மெல்ல அழுத்தி வில்லையை வெளிவரச் செய்வதே அவர் முறை. உணர்ச்சியை மரக்கச் செய்யும் மருந்து இல்லை. காயத்திற்குத் தையல் இல்லை. கிருமி தொற்றாது காக்கும் முறையும் அறியப்படவில்லை. நோயாளியின் பொறுமையும் வைத்தியரின் கைந்நிதானமுமே துணை.

1749இல் பதினைந்தாம் லூயி மன்னரின் கண் வைத்தியரானார். 1752இல் சத்திர வைத்தியக் கழகத்தின் முன் தம் முறையை விரித்துரைத்தார். செய்த சிகிச்சைகள் 206. வெற்றி பெற்றவை 182. எஞ்சிய 24 தோல்விகளையும் அக்கணக்கு மறைக்கவில்லை. வெற்றியை மட்டுமே பறைசாற்றியோர் மலிந்த காலத்தில், இந்நேர்மை அவர் கத்தியினும் கூரியது.

1762இல் ஜெனீவாவில் டவியேல் காலமானார். அவரிடம் ஒளி பெற்றோர் வில்லையிழந்த கண்ணுக்குத் தடித்த கண்ணாடியையே நம்பவேண்டியிருந்தது. அக்குறையைத் தீர்க்க, 1949இல் இலண்டனில் ஹரல்ட் ரிட்லி செயற்கை வில்லையைக் கண்ணுள்ளே பொருத்தினார். 1967இல் அமெரிக்கரான சார்ள்ஸ் கெல்மன், புரையை மீயொலியாற் கரைத்து உறிஞ்சும் வழி கண்டார். இன்று மூன்று மில்லிமீற்றருக்கும் குறைந்த வெட்டினூடே சிகிச்சை முடிகிறது. நோயாளி அன்றே வீடு திரும்புகிறார். கருவிகள் யாவும் மாறிவிட்டன. ஆனால், கெட்ட வில்லை கண்ணுள் இருத்தலாகாது என்னும் டவியேலின் துணிபு மட்டும் மாறவில்லை.