சீமையில் ரசம் வைத்த கணித மேதை

பிள்ளை பிழைக்கக் கடல் கடந்து போகிறான் என்றால், மணமேல்குடி ஆனாலும் சரி, மாயவரம் ஆனாலும் சரி, தாய் முதலில் தேடுவது ஊறுகாய் ஜாடியைத்தான். மிளகாய்த் தூள் ஒரு பொட்டலம், புளி ஒரு உருண்டை. மணமேல்குடி கடற்கரை ஊர் அல்லவா, கருவாடும் சேர்ந்துகொள்ளும்.

அந்தப் பொட்டலத்தின் அருமையை நன்றாக அறிந்தவர் கணித மேதை ராமானுஜன்.

அவர் பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22ந் தேதி. வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். தகப்பனார் சீனிவாச அய்யங்கார் ஜவுளிக் கடைக் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாட்டு பாடுவார். பெரிய வருமானம் இல்லை. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் பிள்ளை படு பிடிவாதக்காரன். கேட்டது கிடைக்காவிட்டால் மண்ணில் விழுந்து புரளுவான்!

பெரியவனான பிறகு பிடிவாதம் கணக்கின் பக்கம் திரும்பியது. கணக்குப் போட உட்கார்ந்தால் சாப்பாட்டு நினைவே இராது. தாயாரோ பாட்டியோ சாம்பார் சாதம், ரசம் சாதம், தயிர் சாதம் என்று பிசைந்து கையிலே வைப்பார்கள். ஒரு கை சோற்றை வாங்கும். மனம் கணக்கிலேயே இருக்கும்.

கப்பல் ஏறினார்

1909ல் ஜானகியைத் திருமணம் செய்துகொண்டார். 1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. 1913ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குத் தம் கணக்குகளை எழுதி அனுப்பினார். ஹார்டி அசந்துபோய், புறப்பட்டு வரும்படி அழைத்தார்.

1914 மார்ச் 17ந் தேதி கப்பல் புறப்பட்டது. அதற்கு முன் குடுமியை எடுத்தார்கள். கோட்டு, சூட்டு மாட்டினார்கள். முள் கரண்டி பிடித்துச் சாப்பிடவும் பழக்கினார்கள். அந்தக் கோலத்தைத் தாயும் மனைவியும் பார்க்கக் கூடாது என்று அவர்களை முன்கூட்டியே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். ஜானகிக்கும் கூடப் போக ஆசைதான். அவர் அப்போது சின்னப் பெண், அழைத்துப் போகவில்லை.

தாமே சமையல்

கேம்பிரிட்ஜில் டிரினிடி கல்லூரிச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. உருளைக் கிழங்கைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வறுத்திருப்பார்களோ என்று சந்தேகம். தம் அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைத்தார். புளியும் தேங்காய் எண்ணெயும் ஊரிலிருந்து பார்சலில் வரவேண்டும்.

ஒரு நாள் மகலநோபிஸ் என்ற வங்காள மாணவர் அவர் அறைக்குப் போனார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் இவர்தான். ராமானுஜன் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தார். மகலநோபிஸ் பத்திரிகையில் வந்த ஒரு புதிரைப் படித்தார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று எண். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களைக் கூட்டினாலும் அந்தப் பக்கம் உள்ளவற்றைக் கூட்டினாலும் ஒரே தொகை. வீடுகள் 50க்கு மேல், 500க்குள். அந்த வீட்டின் எண் என்ன?

கரண்டி நிற்கவில்லை. கிளறிக்கொண்டே ராமானுஜன் விடை சொன்னார். 288 வீடுகள் உள்ள தெருவில் 204ம் எண் வீடு. அது மட்டுமா? இதே மாதிரியான எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் வழியையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்!

மூன்றாம் முறை ரசம்

1916ல் சாட்டர்ஜி என்ற இந்திய நண்பரையும், அவர் மணக்க இருந்த பெண்ணையும், இன்னொரு பெண்மணியையும் விருந்துக்கு அழைத்தார். ரசம் வைத்திருந்தார். (அவர்கள் வீட்டு வழக்கில் சாத்தமுது.) விருந்தாளிகள் இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தார்கள். மூன்றாம் முறை நீட்டியபோது பெண்கள் போதும் என்றார்கள்.

சற்று நேரத்தில் ராமானுஜனைக் காணோம்! நாலு நாள் கழித்து ஆக்ஸ்போர்டு நகரிலிருந்து பணம் கேட்டுத் தந்தி வந்தது. தாம் பரிமாறியதை வேண்டாம் என்றார்களே என்ற வருத்தத்தில் புறப்பட்டுப் போய்விட்டாராம்.

இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்வார்கள். ஆனால் அந்த ரசம் அவருக்கு வெறும் ரசமா? கும்பகோணத்து வீட்டையே அல்லவா கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்!

நாக்கை அடக்கினேன் என்றார்

உலகப் போரில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. காய்கறிக்கும் பழத்துக்கும் தட்டுப்பாடு. நாக்கை அடக்கிவிட்டேன், சோறும் உப்பும் எலுமிச்சைச் சாறும் இருந்தால் எவ்வளவு காலமும் இருப்பேன் என்ற பொருளில் நண்பருக்கு எழுதினார். உண்மையில் சில நாள் ஒரு வேளைதான் சமையல். சில நாள் அதுவும் இல்லை.

1917ல் படுத்தார். காசநோய் என்று மருத்துவமனைகளில் வைத்தார்கள். மாட்லாக் என்ற ஊரில் இருந்தபோது, 1918 ஜூனில் ராமலிங்கம் என்ற தமிழர் அவரோடு மூன்று நாள் தங்கினார். சாப்பாடே பெரும் பிரச்சினையாக இருப்பதைக் கண்டு ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார்.

சாப்பாடுதான் அவரைக் கொன்றது என்று சொல்லிவிட முடியாது. ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994ல் ஓர் ஆய்வு கூறியது. ஆனால் நோயோடு போராட உடம்பில் தெம்பு வேண்டாமா?

1918ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பட்டம். 1919 மார்ச்சில் எலும்பும் தோலுமாகத் தாயகம் திரும்பினார். நீ கூட வந்திருந்தால் எனக்கு நோயே வந்திராது என்று ஜானகியிடம் சொன்னாராம்.

கடைசி ஓராண்டு ஜானகிதான் கவனித்தார். வேளை தவறாமல் சோறு, எலுமிச்சைச் சாறு, மோர். வலி என்றால் வெந்நீர் ஒத்தடம். படுக்கையிலும் அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். 1920 ஏப்ரல் 26ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

ஜானகி 1994 வரை வாழ்ந்தார். திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்தார். கணவருக்கு வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களையும் முதுமையிலும் பத்திரமாக வைத்திருந்தார்.