பழைய சவரக்கத்தியை ஸ்பிரிட்டில் துடைச்சா போதுமா? 1881-லேயே சோதித்துப் பார்த்த ராபர்ட் கோக்கின் கதை

தாத்தா காலத்து மடக்குக் கத்தியில் சவரம் செய்வது இப்போது மறுபடியும் டிரெண்ட். பழைய ஜெர்மன், இங்கிலாந்து கத்திகளை ஆன்லைனில் தேடி வாங்குகிறார்கள். கைக்கு வந்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு ஒரு துடை, அவ்வளவுதான்.

அந்தத் துடைப்பில் கிருமி உண்மையிலேயே செத்துப்போகுமா? இந்தக் கேள்வியை ஆய்வகத்தில் வைத்து முறையாகச் சோதித்தவர்களில் முதன்மையானவர், ஜெர்மன் டாக்டர் ராபர்ட் கோக். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். கிருமிநாசினிகளுக்கு அவர் பரீட்சை வைத்த கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

யார் இந்த கோக்?

1843 டிசம்பர் 11 அன்று ஜெர்மனியின் கிளவுஸ்தால் என்ற சுரங்க ஊரில் பிறந்தார். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. வீட்டில் மொத்தம் 13 பிள்ளைகள். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1866-ல் டாக்டர் ஆனார். பிரான்ஸ் - பிரஷ்யா போரில் ராணுவ மருத்துவராக இருந்துவிட்டு, 1872-ல் வோல்ஸ்டைன் என்ற சின்ன ஊருக்கு அரசு மருத்துவராகப் போனார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது.

அங்கே பெரிய லேப் எதுவும் கிடையாது. வீட்டிலேயே ஒரு பகுதியைத் தடுத்து ஆய்வகமாக்கிக்கொண்டார். நோயாளிகளைப் பார்த்து முடித்த பிறகு மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்துவிடுவார்.

அடைப்பான் தந்த அதிர்ச்சி

அந்தப் பகுதியில் ஆடு மாடுகளைக் கொன்றுகொண்டிருந்தது ஆந்த்ராக்ஸ். நம்ம ஊரில் அடைப்பான் என்பார்கள். ஆனைக்குட்டம் மாதிரி ஆடு மாடு வளர்க்கும் ஊர்களில் பெரியவர்களைக் கேட்டால் இந்தப் பெயர் தெரிந்திருக்கும். நோயில் செத்த கால்நடையின் ரத்தத்தில் குச்சி போன்ற உருவங்கள் இருப்பதை மற்றவர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். அதுதான் நோய்க்குக் காரணம் என்பது உறுதியாகாமல் இருந்தது.

மாட்டின் கண்ணிலிருந்து எடுத்த திரவத்தில் அந்தக் குச்சிகளை வளர்த்துப் பார்த்தார் கோக். சூழ்நிலை மோசமானால் அவை தமக்குள் கெட்டியான ஓடு போட்ட வித்துகளை உருவாக்குவது தெரிந்தது. இந்த வித்துதான் ஸ்போர். காய்ந்தாலும் சாகாது. மண்ணில் வருஷக்கணக்கில் கிடந்து, சாதகமான இடம் கிடைத்ததும் மறுபடி கிருமியாக முளைக்கும். 1876-ல் இதை வெளியிட்டபோது கோக்குக்கு வயது 32.

பட்டு நூல் பரீட்சை

1880-ல் பெர்லினில் இருந்த அரசு சுகாதார அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அப்போது ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் ஜோசப் லிஸ்டர் பிரபலமாக்கிய கார்பாலிக் அமிலம்தான் ராஜா. கெட்ட வாடை போய்விட்டால் கிருமியும் போய்விட்டது என்று நினைத்த காலம் அது.

கோக் ஒரு எளிய சோதனை செய்தார். பட்டு நூல் துண்டுகளை ஆந்த்ராக்ஸ் ஸ்போரில் நனைத்துக் காயவைத்தார். அவற்றை ஒவ்வொரு கிருமிநாசினியிலும் குறிப்பிட்ட நேரம் போட்டு எடுத்தார். பிறகு கிருமி வளரக்கூடிய ஊட்டத்தில் வைத்தார். கிருமி வளர்ந்தால் அந்த மருந்து ஃபெயில்.

1881-ல் வந்த ரிசல்ட் பலரைச் சங்கடப்படுத்தியது. எண்ணெயில் கலந்த கார்பாலிக் அமிலம் ஸ்போரை ஒன்றும் செய்யவில்லை. ஆல்கஹாலில் மாதக்கணக்கில் கிடந்த ஸ்போரும் உயிரோடு இருந்தது. வெறும் சூடான காற்றில் 140 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம் தேவைப்பட்டது. நீராவியோ 100 டிகிரியிலேயே அதைவிட வேகமாக வேலையை முடித்தது. இன்று ஆஸ்பத்திரிகளில் ஓடும் ஆட்டோகிளேவுக்கு அடிப்படை இந்த நீராவி விஷயம்தான்.

இந்தப் பரீட்சையில் முதல் இடம் பிடித்தது பாதரச குளோரைடு. ஆனால் 1889-ல் கெப்பர்ட் என்ற ஆய்வாளர் அதில் ஒரு ஓட்டையைக் காட்டினார். நூலில் ஒட்டியிருந்த பாதரசமே கிருமியை வளரவிடாமல் தடுத்திருந்தது. அதை நீக்கியதும் செத்ததாக நினைத்தவை முளைத்தன.

கல்கத்தா குளத்தில் கிடைத்த பதில்

1882 மார்ச் 24 அன்று காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக கோக் அறிவித்தார். அந்த நாள்தான் இன்று உலகக் காசநோய் தினம். அடுத்த வருஷம் காலராவைத் தேடி எகிப்துக்குப் போனார். அங்கே நோய் அடங்கிவிட, 1883 டிசம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

குளிப்பது, துவைப்பது, குடிப்பது என எல்லாவற்றுக்கும் மக்கள் பயன்படுத்திய ஒரு குளத்திலேயே காலராக் கிருமியைக் கண்டார். இதை இத்தாலியின் பாச்சினி 1854-லேயே பார்த்திருந்தாலும், உலகம் கவனித்தது கோக் சொன்ன பிறகுதான். கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், இந்தக் கிருமி காய்ந்தாலே செத்துவிடும். ஆந்த்ராக்ஸ் ஸ்போருக்கு நேர் எதிர். ஆக எல்லாக் கிருமிக்கும் ஒரே வைத்தியம் சரிப்படாது.

சோதிக்கச் சொன்னவரே சறுக்கிய இடம்

1890-ல் காசநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டதாக கோக் அறிவித்தார். பெயர் டியூபர்குலின். அதில் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லவில்லை. பல நாட்டு நோயாளிகள் பெர்லினில் குவிந்தார்கள். மருந்து குணப்படுத்தவில்லை. சிலர் இறந்தும் போனார்கள். கார்பாலிக் அமிலத்துக்கு வைத்த கறாரான பரீட்சையைத் தன் சொந்த மருந்துக்கு அவர் வைக்கவில்லை. பின்னாளில் அதே டியூபர்குலின், காசநோய்த் தொற்றைக் கண்டறியும் தோல் பரிசோதனைக்குப் பயன்பட்டது.

1905-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1910 மே 27 அன்று பாடன்-பாடன் நகரில் 66 வயதில் காலமானார்.

சரி, சவரக்கத்திக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

முதல் உலகப் போரின்போது, நோயுற்ற விலங்கின் முடியில் செய்த சவரப் பிரஷ் மூலமாகவே படைவீரர்களுக்கு ஆந்த்ராக்ஸ் வந்தது. இன்று பழைய கத்தியில் அதிகம் கவலைப்பட வேண்டியது ஹெபடைட்டிஸ் பி வைரஸ். காய்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளியே போதும். இந்த வைரஸை ஆல்கஹால் செயலிழக்க வைக்கும். டெட்டனஸ் ஸ்போரை வைக்காது.

அதனால் பழைய கத்தி வாங்கினால் இதைச் செய்யுங்க:

- கையுறை போட்டு, சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷால் கழுவுங்க. மடிப்பு இடுக்கையும் விட வேண்டாம். அழுக்கு இருந்தால் மருந்து உள்ளே போகாது.
- துடைத்துக் காயவைத்து, 70 சதவீத ஆல்கஹாலில் இரும்புப் பகுதி முழுக்க மூழ்கும்படி 10 நிமிடம் வையுங்க. 70-க்குக் காரணம் உண்டு. கிருமியின் புரதத்தைச் சிதைக்க ஆல்கஹாலுக்குக் கொஞ்சம் தண்ணீரும் தேவை.
- நெருப்பில் காட்டவே கூடாது. கத்தியின் பதம் போய்விடும். பழைய கைப்பிடி பலவும் செல்லுலாய்டு. அது நைட்ரோசெல்லுலோஸில் செய்தது, குப்பென்று பற்றும். சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.
- பிளீச்சிங் கரைசல் வேண்டாம், இரும்பை அரிக்கும்.
- துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால், சாணை பிடித்துக் குழி மறைந்த பிறகே முகத்தில் வைக்கணும்.
- டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாச்சா என்று டாக்டரிடம் கேட்டுக்கோங்க.
- சுத்தம் செய்த கத்தியையும் வீட்டில் ஒருவருக்கு மேல் பகிர வேண்டாம்.

பளபளப்பையும் ஸ்பிரிட் வாசனையையும் வைத்து ஒரு கத்தியை நம்பிவிட முடியாது. எந்த மருந்து, எந்தக் கிருமி, எவ்வளவு நேரம் என்ற மூன்றும் சரியாக இருக்கணும். கோக்கின் பட்டு நூல் 1881-ல் காட்டியது இதைத்தான்.