காடறிந்த அறிஞர் மா. கிருஷ்ணன்

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனவும், அந்நிலத்தில் வாழும் உயிர்கள் முதலியன கருப்பொருள் எனவும், அவற்றைச் சார்ந்து எழும் ஒழுக்கம் உரிப்பொருள் எனவும் வகுத்தனர் நம் முன்னோர். நிலம் வேறுபடின் வாழ்க்கையும் வேறுபடும் என்பது இதனால் விளங்கும். விலங்குகளையும் அவை வாழும் நிலத்தோடு சேர்த்தே காணல்வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய தமிழர் ஒருவர் உண்டு. அவரே மா. கிருஷ்ணன்.

இவர் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலை இயற்றிய அ. மாதவையாவே இவர்தம் தந்தையார். எண்மர் மக்களுள் இவரே இளையவர். இவருடைய பதின்மூன்றாம் வயதில் தந்தையார் மறைந்தார். குடும்பம் மயிலாப்பூரில் வாழ்ந்தது. அந்நாளில் அவ்வூர்ப்புறத்தே புதர்க்காடுகள் இருந்தன. நரியும் வெளிமானும் அங்கே திரிந்தன. சிறுவர் கிருஷ்ணனுக்கு அக்காடே முதற் பள்ளியாயிற்று. பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்றபொழுது, ஃபைசன் என்னும் பேராசிரியரோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்று செடிகொடிகளை ஆராய்ந்தார். சட்டமும் கற்றார்.

1942இல் சந்தூர்ச் சமஸ்தானத்தில் பணியேற்ற அவர், ஆசிரியர், நீதிபதி எனப் பல பொறுப்புகளை வகித்துச் சென்னைக்கு மீண்டார். 1950 முதல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து கட்டுரை வரைந்தார். பல உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த புகைப்படக் கருவியைச் சுமந்து, நடந்தும் யானைமீது அமர்ந்தும் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக்கினார்.

1968இல் ஜவகர்லால் நேரு ஆய்வுக்கொடை இவருக்குக் கிடைத்தது. அதனைக் கொண்டு தென்னாட்டுக் காடுகளின் பெரிய விலங்குகளை ஆராய்ந்தார். யானை, காட்டெருது, மான் ஆகியவற்றோடு குரங்கினங்களும் அவ்வாய்வில் இடம்பெற்றன.

குரங்குகள் எல்லாம் ஒரேவகையாகக் கூடி வாழ்வன அல்ல. விரிஞ்சிபுரம் போன்ற பாலாற்றங்கரை ஊர்களில் நாம் காணக்கூடியது நாட்டுக் குரங்கு. அது கனி, விதை, தளிர், பூச்சி என எதனையும் உண்ணும். மரத்திலும் தரையிலும் திரியும். அதன் கூட்டத்தில் மந்திகள் பலவற்றோடு கடுவன்களும் பல இருக்கும். தரையில் இரைதேடும் உயிருக்குப் பகை மிகுதி. ஆதலின் காவலுக்குப் பல கண்கள் உதவும். மேற்குமலைச் சோலைகளில் வாழும் கருமந்தியோ பெரும்பாலும் இலையுணவே கொள்வது. இலை எங்கும் கிடைத்தலின் அது சிறு கூட்டமாகச் சிறு எல்லைக்குள் அமைந்து வாழும். சிங்கவால் குரங்கு எனப்படும் சோலைமந்தி, பசுமை மாறாக் காட்டின் உயர்கிளைகளில் கனிதேடி நெடுந்தொலைவு செல்லும். அதன் கூட்டத்தில் பத்து முதல் இருபது வரை இருக்கும். பெரும்பாலும் வளர்ந்த கடுவன் ஒன்றே காணப்படும்.

உணவு, பகை, காட்டின் அமைப்பு ஆகியன பல தலைமுறைகளாகக் குரங்குக் கூட்டத்தை உருவாக்குகின்றன. இங்கிலாந்து நாட்டு ஆய்வாளர் குரூக்கும் கார்ட்லனும் 1966இல் இக்கருத்தை விரித்துரைத்தனர். பிற்கால அறிஞர், நிலம் மட்டுமன்றி இனத்தின் மரபும் இதற்குக் காரணமாதலைக் காட்டினர்.

இவ்வுண்மையால் நாம் உணரத்தக்கது யாது? காட்டை மாற்றினால் விலங்கின் வாழ்வும் மாறும். மலைச்சோலையை வெட்டித் தேயிலை பயிரிட்ட இடங்களில் கிளைவழி அறுந்தது. சோலைமந்திக் கூட்டங்கள் தீவுகளில் அகப்பட்டாற்போலத் தனித்து நின்றன. வால்பாறைப் பகுதியில் அவை தரையிறங்கிச் சாலைக்கும் வந்தன. இரக்கத்தால் நாம் எறியும் பழமும் அவற்றின் இயல்பைக் கெடுக்கும். இயற்கைக் காட்டை அழித்து அயல்நாட்டு மரங்களை நடுவதைக் கிருஷ்ணன் கடுமையாக எதிர்த்ததன் பொருத்தம் இதனால் புலனாகும். மரம் நட்டோம் என்று மகிழ்வது போதாது. எம்மரம், எந்நிலத்தில் என்றும் எண்ணுதல் வேண்டும்.

அரசு இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. 1996 பிப்ரவரி 18ஆம் நாள் இவர் மறைந்தார். அன்றைய நாளிதழிலும் இவருடைய கட்டுரை வெளிவந்திருந்தது. மாணவர்களே! உங்கள் ஊர்க் குரங்குக் கூட்டத்தை அடுத்தமுறை காணுங்கால், கல்லெறியாது, உணவும் எறியாது, சற்றே தொலைவில் நின்று நோக்குங்கள். அவை எதை உண்கின்றன, எவற்றுக்கு அஞ்சுகின்றன, எவ்வாறு கூடுகின்றன என்று குறித்துவையுங்கள். கிருஷ்ணன் காட்டிய வழி அதுவே.