ஒளி குன்றிய சுடரைத் தேடியவர்

பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் கால்வைத்த எவரும் ராபர்ட் புன்சனின் பெயரைக் கேட்டிருப்பர். அப்பெயர் தாங்கிய அடுப்பை அறிந்த அளவுக்கு அவரை அறிந்தவர் குறைவு. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் 1811-இல் ஒரு பேராசிரியரின் மகனாகப் பிறந்த அவர், இருபது வயதிலேயே முனைவர் பட்டம் பெற்றுவிட்டார்.

இளமையில் அவர் கையாண்டவை உயிருக்கு உலைவைக்கும் பொருள்கள். காகோடைல் எனப்படும் ஆர்சனிக் சேர்மங்களை ஆராய்ந்தபோது கலம் வெடித்துக் கண்ணாடிச் சில்லு பாய்ந்தது. வலக்கண் பார்வை பறிபோயிற்று. ஆர்சனிக் நஞ்சால் மரணத்தின் விளிம்புவரை சென்று மீண்டார். பின்னாளில் நிறங்களின் நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே பொருள்களை இனங்கண்ட அவர், அதைச் செய்தது ஒற்றைக் கண்ணால்தான்.

1852-இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்நகருக்கு எரிவாயுக் குழாய்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. தெருவிளக்குக்கு உகந்த அந்த எரிவாயுவின் மஞ்சள் சுடர் அவருடைய ஆய்வுக்கு உதவவில்லை. போதிய காற்று கிடைக்காத சுடரில் நுண்ணிய கரித்துகள்கள் உருவாகிப் பழுக்கக் காய்ந்து ஒளிர்கின்றன. மெழுகுவத்தியின் வெளிச்சமும் இதுவே. இத்தகைய சுடரில் ஓர் உப்பை இட்டால், அதன் நிறம் மஞ்சளில் மூழ்கிவிடும். கலத்தில் கரியும் படியும்.

எரிவதற்கு முன்பே, குழாயின் அடியில் காற்றையும் வாயுவையும் கலந்துவிடுவது என்பது புன்சனின் யோசனை. பல்கலைக்கழகக் கருவி வினைஞர் பீட்டர் டெசாகா 1855-இல் அதைக் கருவியாக வடித்தார். வெப்பம் மிகுந்த, ஒளி குன்றிய சுடர் கிட்டியது. புன்சன் அதற்குக் காப்புரிமை கோரவில்லை. டெசாகாவின் பெயரையும் நாம் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

ஆனால், அச்சுடர் முற்றிலும் ஒளியிழந்துவிடவில்லை. அதன் உட்கூம்பு நீலமாக ஒளிர்ந்தது. நம் வீட்டு எரிவாயு அடுப்பில் அன்றாடம் காணும் நீலமும் அதுவே. அங்கே ஒளிர்வது கரித்துகள் அன்று. எரிதல் வினையின் இடையில் கணநேரம் தோன்றும் மூலக்கூறுகள், இரு கார்பன் அணுக்களின் இணையும் கார்பன்-ஹைட்ரஜன் இணையும், மிகையாற்றலுடன் கிளர்வுற்ற நிலையிலேயே பிறக்கின்றன. நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் அந்த ஆற்றலை ஒளியாக உமிழ்ந்துவிடுகின்றன. முப்பட்டகத்தின் வழியே பார்த்தால் தொடர்ந்த வானவில்லுக்குப் பதிலாகத் தனித்தனிப் பட்டைகள் தெரியும்: கார்பன்-ஹைட்ரஜன் இணைக்கு 431 நானோமீட்டரில் நீல ஊதா, கார்பன் இணைக்கு 516 நானோமீட்டரில் பச்சை.

ஹைட்ரோகார்பன் சுடர்களின் இப்பட்டைகளை 1856-இல் ஆராய்ந்து விவரித்தவர் ஸ்காட்லாந்தின் வில்லியம் ஸ்வான். கார்பன் இணையின் பட்டைகள் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. 1868-இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு வால்நட்சத்திரத்தின் ஒளியிலும் அவற்றைக் கண்டார். இன்று எரிவாயுச் சுழலிகளை ஆராயும் பொறியாளர்கள், எரிதல் எங்கே நிகழ்கிறது என்பதை இத்தகைய ஒளியைப் படம்பிடித்தே அறிகிறார்கள்.

புன்சனின் நாட்டமோ அச்சுடரில் இடும் பொருள்களின்மீதே இருந்தது. சுடரின் நிறத்தை வண்ணக் கண்ணாடிகள் வழியே பார்த்துப் பகுத்துக்கொண்டிருந்தவரிடம், முப்பட்டகத்தைப் பயன்படுத்துமாறு கூறியவர் இயற்பியலாளர் கிர்க்காஃப். 1859-இல் இருவரும் இணைந்து நிறமாலைநோக்கியை அமைத்தனர். மறு ஆண்டே டுர்க்ஹைம் ஊற்றுநீரின் உப்பில் எவரும் அறிந்திராத இரு நீலக் கோடுகள் தென்பட்டன. ஏறத்தாழ 40 டன் நீரைக் காய்ச்சி வற்றவைத்துச் சில கிராம் உப்பைப் பிரித்தெடுத்தார் புன்சன். அதுவே சீசியம். 1861-இல் சிவப்புக் கோடுகளின் வழியே ருபீடியம் கிடைத்தது. வேறெந்தச் சோதனையிலும் சிக்காத தனிமங்களை ஒளி காட்டிக்கொடுத்தது.

மணம் புரியாமல் ஆய்வகத்திலேயே வாழ்ந்த புன்சன், 1889-இல் ஓய்வு பெற்று நிலவியலில் மனம் தோய்ந்திருந்தார். 1899 ஆகஸ்ட் 16 அன்று ஹைடல்பர்க்கில் மறைந்தார். அதற்கு அடுத்த ஆண்டுதான் மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் கொள்கையின் முதல் அடியை எடுத்துவைத்தார். மூலக்கூறுகள் குறிப்பிட்ட நிறங்களை மட்டும் ஏன் உமிழ்கின்றன என்பதற்கான விடை அதன் வழியே வந்தது.