அபினுக்குள்ளே இருந்ததைப் பிரித்தவர்

பன்னிரண்டாவதில் சால்ட் அனாலிசிஸ் செஞ்சிருப்பீங்க. அந்த உப்பு என்னன்னு நம்ம டீச்சருக்கு முன்னாடியே தெரியும். ஃப்ரீட்ரிக் செர்ட்யூர்னருக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

1783-ல் ஜெர்மனியில், பாடர்போர்ன் பக்கத்துல பிறந்தவர். அப்பா இன்ஜினியர் (நம்ம ஆளு!). அவர் இறந்துபோனதால் காலேஜ் எல்லாம் கிடையாது. டீன் ஏஜ்லயே ஒரு மருந்துக்கடையில் வேலை கத்துக்கச் சேர்ந்துட்டார்.

அப்போ வலிக்கு அபின்தான் மருந்து. ஆனா ஒவ்வொரு கட்டிக்கும் ஒவ்வொரு வீரியம். அதே எடை கொடுத்தாலும் ஒருத்தருக்கு வலி போகாது, இன்னொருத்தர் கண்ணே திறக்க மாட்டார். உள்ளே வேலை செய்யுற பொருளை மட்டும் பிரிச்சா அளந்து கொடுக்கலாமேன்னு இவர் யோசிச்சார். அபினை வெந்நீரில் கரைச்சு அம்மோனியா விட்டார். படிகம் இறங்கிச்சு. நாய்களுக்குக் கொடுத்தார், தூங்கின, சில செத்தும் போச்சு. அப்போ அவருக்கு வயசு சுமார் 21.

கட்டுரை எழுதினார். யாரும் கண்டுக்கலை. செடியிலிருந்து வர்ற மருந்துச் சத்து அமிலமாத்தான் இருக்கும்னு நம்பின காலம், இவரோடது காரம்.

அப்புறம் செஞ்சதுதான் பயங்கரம். தானும் மூணு இளைஞர்களும் சேர்ந்து அந்தப் பொடியைச் சாப்பிட்டாங்க. ஒரு தடவைக்கு சுமார் 30 மில்லிகிராம், முக்கால் மணி நேரத்துக்குள்ள மூணு தடவை. முதல்ல முகம் சிவந்தது, அடுத்து தலை சுத்தல், கடைசியில் மயக்கம். பயந்துபோய் எல்லாருக்கும் வினிகர் குடிக்கக் கொடுத்து வாந்தி எடுக்க வெச்சார். அதனால பிழைச்சாங்க. எத்திக்ஸ் கமிட்டி இருந்திருந்தா ஆளை உள்ளேயே விட்டிருக்காது!

1817-ல் இதையெல்லாம் எழுதி, கிரேக்கக் கனவு தேவன் மார்ஃபியஸ் பெயரையே அந்தப் பொருளுக்கு வெச்சார். இந்தத் தடவை பாரிஸில் கே-லுசாக் படிச்சார். ஆமா, வாயு விதி கே-லுசாக்தான். அதுக்கப்புறம் உலகமே திரும்பிப் பார்த்தது. 1831-ல் பிரான்ஸ் பரிசுப் பணம் கொடுத்தது. ஹாமெல்ன் ஊரில் மருந்துக்கடை நடத்திட்டிருந்த செர்ட்யூர்னர் 1841-ல் இறந்தார்.

அவர் யோசிச்சே பார்க்காத ஒண்ணு பின்னாடி நடந்தது. ஹார்ட் அட்டாக் வலிக்கு மார்ஃபின் ஊசி போடுறது பழைய வழக்கம். 1996-ல் அமெரிக்காவில் எலிகளுக்கு முதல்ல மார்ஃபின் கொடுத்து, பிறகு இதய ரத்தக்குழாயை அடைச்சுப் பார்த்தாங்க. வலி விஷயம் தனி. செத்துப்போன இதயத் தசையோட அளவே குறைஞ்சிருந்தது. இதய செல்கள் மேலேயே ஓபியாய்டு ரிசெப்டர்கள் இருக்கு. மார்ஃபின் அதுல போய் ஒட்டினதும், ரத்தம் நிக்கப்போகுதுன்னு முன்கூட்டியே எச்சரிக்கை வந்த மாதிரி செல் தயாராகிடுது. ஏற்கெனவே பலவீனமாகிப்போன எலி இதயங்கள்லயும் இந்தப் பாதுகாப்பு தெரிஞ்சது.

மனுஷங்ககிட்ட இன்னும் தெளிவான முடிவு வரலை. எலிக்கு அடைப்புக்கு முன்னாடியே கொடுக்க முடிஞ்சது. நோயாளி அடைப்பு வந்த பிறகுதானே ஆஸ்பத்திரிக்கு வர்றார்? அதோட மார்ஃபின் வயித்தோட வேகத்தைக் குறைக்கும். ரத்தம் உறையாம இருக்க விழுங்கின மாத்திரை அதனால லேட்டாத்தான் ரத்தத்துல சேரும். இப்போ டாக்டர்கள் அந்த ஊசியை எடுக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிக்கிறாங்க.