பர்மா தந்த மருமகள்
பொருள் தேடி இரங்கூன் சென்ற தமிழகக் கடற்கரை மக்களின் வரலாற்றை நாம் அறிவோம். அங்கிருந்து இங்கு வந்து நாட்டின் முதற்பெண்மணியாக விளங்கிய ஒருவரின் வாழ்வும் நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

1922இல் பர்மாவின் யமேதினில் பிறந்தவர் மா டின்ட் டின்ட். இரங்கூனில் இந்தியத் தூதரகப் பணியிலிருந்த கே. ஆர். நாராயணனைச் சந்தித்தார். வெளியுறவுப் பணியினர் அயல்நாட்டவரை மணக்க விதி இடந்தரவில்லை. பிரதமர் நேரு தனி இசைவளிக்க, 1951இல் தில்லியில் திருமணம் நிகழ்ந்தது. உஷா என்னும் பெயரையும் இந்தியக் குடியுரிமையையும் ஏற்றார்.

அத்துடன் அமையாது, தில்லியில் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்று, பெண்கள், குழந்தைகள் நலனுக்கு உழைத்தார். 1997 முதல் 2002 வரை குடியரசுத் தலைவர் மாளிகையில் வாழ்ந்த காலத்திலும் தாய்மொழியை மறவாது, பர்மியச் சிறுகதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தார். 2008இல் மறைந்தார்.

பிறந்த மண் எதுவாயினும், ஒருவரை நம்மவராக்குவது தொண்டே என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.