இரைச்சலை வென்ற ஆம்ஸ்ட்ராங் (நிலாவுக்குப் போனவர் இல்லை!)



அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் குழு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் செய்தது ஞாபகம் இருக்கா? முதல் நாள் அதில் பாட்டை விட ம்ம்ம் என்ற இரைச்சல்தான் அதிகமாக வந்தது. வால்யூமைக் கூட்டினோம். பாட்டும் கூடியது, இரைச்சலும் கூடவே கூடியது! எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் அறிவியல் சார் மட்டும் சிரிக்கவில்லை. சத்தத்தை மூடி மறைக்கப் பார்க்காமல், அது எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தேடச் சொன்னார். அப்படித் தேடிய ஒருவரைப் பற்றியும் சொன்னார். அவர் பெயர் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங்.

இளமை

ஆம்ஸ்ட்ராங் 1890 டிசம்பர் 18 அன்று அமெரிக்காவில் நியூயார்க் நகரில் பிறந்தார். அம்மா ஆசிரியையாக இருந்தவர். சிறு வயதில் வந்த காய்ச்சலால் இரண்டு வருடம் பள்ளிக்கே போக முடியவில்லை. காய்ச்சல் போனது, ஆனால் பதட்டம் வந்தால் முகமும் தோளும் தானாகத் துடிப்பது சாகும் வரை போகவில்லை. கூச்சத்தால் தனியாகவே இருப்பார். பதினாலு வயதில் (என் வயசு!) கண்டுபிடிப்பாளர் ஆவது என்று முடிவு செய்தார். யாங்கர்ஸ் என்ற ஊரில் இருந்த வீட்டு மாடி அறைதான் அவருடைய ஆய்வகம். தோட்டத்தில் 125 அடி உயரக் கம்பத்தைத் தானே நட்டு, அதில் ஏறி ஏரியல் கட்டினார்.

முதல் கண்டுபிடிப்பு

கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய் மின் பொறியியல் படித்தார். அப்போது ரேடியோவில் வரும் ஒலி ரொம்ப மெல்லிசு. ஹெட்போனை காதோடு அழுத்திக் கேட்க வேண்டும். 1912-ல் மாணவராக இருக்கும்போதே ஒரு வழி கண்டார். வால்வில் இருந்து வெளியே வரும் சைகையில் கொஞ்சத்தை மறுபடியும் அதே வால்வின் உள்ளே அனுப்பினார். அது பெருகிப் பெருகி ஆயிரம் மடங்குக்கு மேல் ஆனது! ராத்திரி தூங்கிக்கொண்டிருந்த தங்கையை எழுப்பி, குதித்துக் குதித்துச் சொன்னாராம்.

இதில் அளவு மீறினால் வால்வு ஊளையிடும். ஆண்டு விழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் கீ...ன்னு கத்துமே, அதுவும் இதே மாதிரிதான். வெளியே வந்த ஒலி திரும்ப உள்ளே போகிறது.

முதல் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்து பிரான்ஸ் போனார். அங்கே 1918-ல் சூப்பர்ஹெட்டரோடைன் என்ற சுற்றை உருவாக்கினார். பிறகு வந்த ரேடியோப் பெட்டிகளில் பெரும்பாலும் இதுதான் இருந்தது.

இரைச்சலோடு போர்

பழைய ரேடியோவில் மின்னல் அடித்தால் படபடன்னு கேட்கும். அந்த ஒலிபரப்பில் அலையின் உயரம் கூடிக் குறைவதுதான் பாட்டு. மின்னலும் அலையின் உயரத்தைத்தான் கெடுக்கிறது. எது பாட்டு, எது மின்னல் என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? ரேடியோ கம்பெனியான ஆர்.சி.ஏ.வில் பெரிய பதவியில் இருந்த நண்பர் டேவிட் சார்னாஃப், இரைச்சலை நீக்கும் ஒரு சின்னப் பெட்டி கிடைத்தால் போதும் என்று ஆசைப்பட்டார்.

ஆம்ஸ்ட்ராங் வழியையே மாற்றினார். இரைச்சல் உயரத்தில் வருகிறதா? அப்படியென்றால் பாட்டை உயரத்தில் வைக்கக் கூடாது! அலையின் உயரத்தை ஒரே அளவில் வைத்து, அதிர்வெண்ணை மட்டும் கூட்டிக் குறைத்தார். வாங்கும் பெட்டியில், உயரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த இரைச்சலை வெட்டி எறிந்தார். இதுதான் அதிர்வெண் பண்பேற்றம், அதாவது எஃப்.எம். இதனால் பயன் இல்லை என்று 1922-லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். அது குறுகிய அலைவரிசைக்குப் போட்ட கணக்கு. இவர் அகலமான அலைவரிசை எடுத்தார். 1933-ல் காப்புரிமை கிடைத்தது. 1935 நவம்பர் 5 அன்று நியூயார்க்கில் பொறியாளர்கள் முன்னால் செய்து காட்டினார். யாங்கர்ஸில் ஒருவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார், காகிதம் கிழித்தார். தண்ணீர் தண்ணீராகவே கேட்டது, காகிதம் காகிதமாகவே கேட்டது!

சோதனைகள்

ஆனால் சார்னாஃபின் கம்பெனி டெலிவிஷன் பக்கம் போய்விட்டது. ஆம்ஸ்ட்ராங் சொந்தப் பணத்தில் அல்பைன் என்ற இடத்தில் எஃப்.எம். நிலையம் கட்டினார். இரண்டாம் உலகப் போரில் தன் காப்புரிமைகளை நாட்டுக்கு இலவசமாகக் கொடுத்தார். 1945-ல் அமெரிக்க அரசின் ஆணையம் எஃப்.எம்.மை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றியது. அதுவரை விற்ற பெட்டிகள் எல்லாம் வீணாயின. காப்புரிமைப் பணம் கேட்டு 1948-ல் ஆர்.சி.ஏ. மீது வழக்குப் போட்டார். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. கையில் இருந்த பணமும் கரைந்தது. மனம் உடைந்த அவர் 1954 ஜனவரி 31 அன்று, 63 வயதில், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். இதை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை.

மனைவி மரியன் விடவில்லை. வழக்குகளை ஒவ்வொன்றாக நடத்தினார். 1967-ல் கடைசி வழக்கிலும் வெற்றி பெற்றார். அந்த நாளைப் பார்க்க அவர்தான் இல்லை.

நாங்கள் கற்றது

நாங்களும் தேடினோம். அடாப்டரைக் கழற்றிவிட்டு 9 வோல்ட் பேட்டரி போட்டோம். ம்ம்ம் சத்தம் பெரும்பாலும் நின்றது! இரைச்சல் கரண்டோடு வந்திருக்கிறது. மிச்சம் இருந்தது மைக் வயரை ஷீல்டு வயராக மாற்றியதும் போனது.

தோழர்களே, உங்கள் வீட்டு ரேடியோவில் 88, 108 என்ற எண்களைப் பார்த்தால் இவரை ஒரு நிமிஷம் நினையுங்கள். எந்தத் தொல்லை வந்தாலும் அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடுவோம். மனசுக்குள் இரைச்சல் வந்தால் அதைத் தனியாகச் சுமக்காமல் அம்மாவிடமோ டீச்சரிடமோ தோழியிடமோ சொல்லிவிடுவோம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி